ஏற்கெனவே உள்ளே இருந்த பிள்ளை

ஆர்த்தியை அங்கன்வாடியில் சேர்ப்பதற்காக அவளை அங்கன்வாடியை விட்டு வெளியே அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு நாலே முக்கால் வயது. அதற்கு முன் ஒரு வருடமும் இரண்டு மாதமும் அவள் அங்கேதான் இருந்தாள். அதுதான் பிரச்சினையே.

கேரள எல்லைக்குள் இருக்கும் காந்தலூருக்கு மேலே, பூண்டுக்காடும் காரட் காடும் படிப்படியாக இறங்குகிற சரிவில் இருந்தது அந்த ஒற்றை அறை. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு கேஸ் அடுப்பு, கம்பி வைத்த ஒரே ஒரு ஜன்னல். ஆர்த்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வந்த முதல் வாரம் மூலையில் உட்கார்ந்துகொண்டு, கிட்டே வந்த பிள்ளைகளையெல்லாம் கடித்து வைத்தாள். கற்பகம் டீச்சர் இதற்கென்று எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை. இந்தப் பிள்ளை எல்லோருடைய கைகளையும் உற்றுப் பார்க்கிறது என்பதை மட்டும் அவர் கவனித்தார். முஷ்டியை மோவாயில் வைத்தால் உப்புமா. விரல்களை மேலிருந்து உதிர்த்தால் மழை. விலாவைச் சொறிந்தால் குரங்கு வந்திருக்கிறது, ஜன்னலைச் சாத்து. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத் தொற்றிக்கொண்டது. மூன்றே மாதத்தில் அறை முழுவதும் கையால் பேசியது. மத்தியானம் தூங்க வைக்கும்போது காது கேட்கிற பிள்ளைகளும் கையால்தான் வம்பளந்தன, டீச்சருக்குக் கேட்காதல்லவா. மௌனிகா என்ற மூன்று வயதுச் சிறுமி வாயால் தெளிவாகப் பேச வருவதற்கு முன்பே கையால் கோள்மூட்டக் கற்றுக்கொண்டாள்.

ஆர்த்தியின் அம்மா வேலுத்தாய் பூண்டுக்காட்டில் கூலி வேலை பார்ப்பவள். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஆர்த்தி வழிநெடுகக் கையால் சொல்லிக்கொண்டே வருவாள். வேலுத்தாய்க்குப் பாதி புரியும். புரியாத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டுவாள்.

நவம்பரில் ஒரு நாள் ஜீப்பில் ஜின்சன் சார் வந்து இறங்கினார். குறைபாடுள்ள சின்னப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைக்கப் புதிதாக ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார்கள். அதன் வட்டார ஒருங்கிணைப்பாளர் அவர். இயக்கத்தின் பெயர் ‘சேர்த்தணைக்காம்’. மலையாளத்தில் ‘சேர்த்து அணைத்துக்கொள்வோம்’ என்று பொருள். அணைப்பது என்றதும் வேலுத்தாய்க்கு ஞாபகம் வந்தது அடுப்புதான்.

ஆர்த்தியைப் பார்த்ததும் ஜின்சன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மையத்துக்கு ஒரு பிள்ளையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று உத்தரவு. ஏழு மையங்கள் ஏறி இறங்கியதில் அகப்பட்ட முதல் பிள்ளை இதுதான்.

“டீச்சரே, இந்தக் குட்டி எப்போ சேர்ந்தது?”

“போன வருசம் சார்.”

ஜின்சன் சார் பதிவேட்டைப் புரட்டினார். கலங்கிய கண் காய்ந்துபோயிற்று.

“சாதாரண குட்டின்னுல்லே எழுதியிருக்கு?”

“சாதாரணமாத்தான சார் இருக்கா.”

“அது பற்றில்லா, முடியாது டீச்சரே. சேர்த்தணைக்கிறதுன்னா என்ன? வெளியில இருக்கிற குட்டிய உள்ள கொண்டு வரணும். இது உள்ளயே இருக்கு. உள்ள இருக்கிற குட்டிய ஞான் எங்கேருந்து உள்ள கொண்டு வர?”

கற்பகம் யோசித்துப் பார்த்தார். நியாயமான கேள்வி போலத்தான் பட்டது.

“அப்ப அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே சார்.”

“இருக்கலாம். ஆனா இருக்கிறது வேற, சேர்க்கிறது வேற. இப்படிச் சும்மா இருந்துட்டா, நாளைக்கு யார் சேர்த்ததுன்னு கேட்டா என்ன சொல்ல?”

அப்போது ஆர்த்தி மௌனிகாவிடம் கையால் என்னவோ சொல்ல, மௌனிகா சிரித்தாள். ஜின்சன் சார் அந்தக் கைகளைப் பார்த்தார்.

“இது ஏது பாஷை?”

“நாங்களே வச்சுக்கிட்டது சார்.”

“அங்கீகாரம் உண்டோ?”

இல்லை என்று கற்பகம் சொல்வதற்குள் அவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்: ‘மையத்தில் அங்கீகாரமற்ற சைகைகள் புழக்கத்தில் உள்ளன.’

வேலுத்தாயைக் காட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மண் கையோடு வந்து நின்றவளிடம் ஜின்சன் சார் பொறுமையாக விளக்கினார். பிள்ளையின் பெயரை இப்போதைக்கு வெட்டிவிடுவோம். பதினைந்து நாள் வீட்டில் இருக்கட்டும். மருத்துவக் குழுவிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால், பிறகு முறைப்படி சேர்த்தணைத்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கிற பிள்ளைகளுக்குக் காது மிஷின் உண்டு.

வேலுத்தாயின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

“மிஷினு நெசமாவே குடுப்பாகளா சார்?”

“கொடுக்கும். பதினஞ்சே நாள்.”

அவள் சரியென்று தலையாட்டினாள். பின்னாளில் இதை நினைத்து நினைத்து அந்தத் தலையை அவளே சுவரில் முட்டிக்கொண்டதுண்டு.

மருத்துவக் குழு உட்காருகிற ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஆறு மணி நேரம். உடுமலைப்பேட்டைக்கு இரண்டே மணி நேரம்தான். அங்கே ஒரு டாக்டர் முன்பே பரிசோதித்து, இரண்டு காதும் கேட்காது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். வேலுத்தாய் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனாள். கவுண்டரில் இருந்தவர் அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

“இது தமிழ்நாட்டுச் செவிடு. இங்க செல்லாது.”

“அதே காதுதான சார்?”

“காது அதேதான். ஸ்டேட் வேறயல்லே? இங்க முதல்லேருந்து செவிடாகணும். இன்னிக்கு சாரு லீவாணு. நாளெ வரூ.”

நாளைக்கு வருவதென்றால் ஆறு மணி நேரம் போய், ஆறு மணி நேரம் திரும்பி வர வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் போனாள். சர்வர் டவுண். மூன்றாம் முறை பிள்ளையைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருவர் மைக்கில், “சத்தம் கேட்டால் கையைத் தூக்கு” என்று மலையாளத்தில் அறிவித்தார். ஆர்த்தி கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் சத்தமாக அறிவித்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு வந்த தாளில், ‘சொன்னதைக் கேட்கவில்லை. ஒத்துழைப்பு இல்லை. மறு தேதி தரவும்’ என்று இருந்தது.

“கேட்டா நாங்க ஏன் சார் இங்க வாரோம்?” என்றாள் வேலுத்தாய். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சரி, கையைத் தூக்கினால்தான் இவர்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு வாரம் வீட்டில் ஹெட்போனுக்குப் பதில் துண்டைச் சுற்றிக் கையைத் தூக்கப் பழக்கிக் கூட்டிப்போனாள். ஆர்த்தி நல்ல பிள்ளையாகத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. ‘கேட்கும் திறன் மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதைத் திருத்துவதற்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். அவர் இருந்த இடம் வேறு ஊர். அவர் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டால் சீல் இல்லை. சீல் கிடைத்தபோது ஒப்பு போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், “ஞான் புதிய ஆளாணு” என்று சொல்லிக் கோப்பை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

கடைசியில் சான்றிதழ் கிடைத்தபோது பத்து மாதம் ஆகியிருந்தது. அதில் இரண்டு குறைபாடுகள் இருந்தன. ஒன்று, செவித்திறன் இன்மை. இரண்டு, மலையாளம் அறியாமை.

“ரெண்டாவது எனக்கும் இருக்கு சார்” என்றாள் வேலுத்தாய்.

ஜின்சன் சார் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. “அம்மைக்கும் ஒரு அபேட்சை, மனு, எழுதிக் கொடுங்க. பார்க்கலாம்” என்றார்.

இந்தப் பத்து மாதமும் ஆர்த்தி எங்கே இருந்தாள் என்று இயக்கத்தின் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. ஆகவே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சில வாரம் அவள் அங்கன்வாடி வாசலில் வந்து நின்றாள். கற்பகம் உள்ளே விட்டுப் பார்த்தார். தினமும் காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் பதினொன்று, படத்தில் பன்னிரண்டு. மூன்றாம் நாளே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. அதன்பிறகு ஆர்த்தி வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த பிள்ளைகள் அன்றைய சேதியைக் கையால் சொல்லின. அவளும் பதில் சொன்னாள். மௌனிகா தன் உப்புமாவை உருட்டிக் கம்பி வழியாக நீட்டினாள். ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திய பிறகும் அந்த அறை அவளை எப்படியோ உள்ளேயே வைத்திருந்தது.

இயக்கத்துக்கு அது தெரிந்துவிட்டதோ என்னவோ, வசதிகள் வந்து சேர்ந்தன. முதலில் வாசலில் சக்கர நாற்காலிக்கான சிமெண்டுச் சரிவு. ஆர்த்தி மலைச்சரிவில் ஆட்டைத் துரத்திப் பிடிக்கிற பிள்ளை. ஜின்சன் சாரிடம் கற்பகம் இதைச் சொன்னபோது, “ஓடட்டும், சரிவு மேலே ஓடட்டும்” என்றார். அடுத்து, வீட்டுச் சைகைகளை உடனே நிறுத்தும்படியும், அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் பின்னர் அனுப்பப்படும் என்றும் ஒரு கடிதம். பின்னர் என்பது இன்றுவரை வரவில்லை. மூன்றாவதாக விழிப்புணர்வுப் பலகை. பத்தடி அகலம், ஆறடி உயரம். சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிற படம், கீழே ‘இங்கே எல்லோரும் உள்ளே’ என்ற வாசகம். அவ்வளவு பெரிய பலகையை மாட்ட அந்தக் கட்டிடத்தில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. ஜன்னல் இருந்த சுவர்.

நாலு மூலையிலும் ஆணி அடித்து ஜன்னலை மூடிவிட்டுப் போனார்கள்.

கற்பகத்தை மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்தார்கள். ஒரு ஹோட்டலில். அந்த மூன்று நாளும் அங்கன்வாடி பூட்டிக் கிடந்தது. எல்லோருக்கும் காதில் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்து, “இப்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார்கள். சிலர் அழுதார்கள். முதல் பாடத்தின் முதல் வரி: ‘இத்தகைய பிள்ளையை ஒருபோதும் மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கக் கூடாது.’ கற்பகம் கையைத் தூக்கினார். கேள்விகள் கடைசி நாள் என்றார்கள். கடைசி நாள் நன்றியுரை.

ஆர்த்தி அம்மாவோடு பூண்டுக்காட்டுக்குப் போகத் தொடங்கினாள். வரப்பில் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் வழியில் பார்த்ததையெல்லாம் கையால் சொன்னாள். வேலுத்தாயின் கையில் எப்போதும் கூடையோ களைக்கொத்தியோ இருந்தது. பதில் சொல்லக் கை ஒழியவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, வேலுத்தாய் கூடையை இறக்கிவைத்துவிட்டு விரல்களை உதிர்த்து மழை என்று காட்டினாள். பிள்ளை அவள் விரல்களை வெறுமனே பார்த்தது. திரும்பத் திரும்பக் காட்டினாள். ஆர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். அங்கே ஏற்கெனவே பல் தடம் இருந்தது.

சான்றிதழ் வந்த கையோடு சேர்த்துவிடுவார்கள் என்றுதான் வேலுத்தாய் நினைத்தாள். ஆனால் வட்டாரத்தின் முதல் சேர்த்தணைப்பு. தலைநகரத்திலிருந்து இயக்குநர் மேடம் வந்துதான் தொடங்கிவைக்க வேண்டும். மேடத்துக்குத் தேதி கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. பிப்ரவரியில் விழா.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜின்சன் சார் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். ஆர்த்திக்கு ஆறு வயது முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆறு வயது வரைதான் அங்கன்வாடி.

“அப்ப பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறலாமா சார்?”

“அது ஜூனில். இது பிப்ரவரி.”

“அதுவரைக்கும்?”

“குட்டிக்கு வயசு கழிஞ்சுபோயி” என்றார் ஜின்சன் சார், ஏதோ வேலுத்தாய்தான் பிள்ளையை அவசரப்பட்டு வளர்த்துவிட்டாள் என்பதுபோல. பந்தல் போட்டாகிவிட்டது. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. ஓர் இரவு யோசித்து அவரே வழியும் கண்டுபிடித்தார். ஒரே மேடையில் முதலில் சேர்ந்ததற்கான சான்றிதழ், அடுத்து படித்து முடித்ததற்கான சான்றிதழ். இடையில் தேசபக்திப் பாட்டு ஒன்று வைத்தால் இடைவெளியும் ஆயிற்று.

விழா அன்று படமெடுக்க வந்தவர், “எது அந்தப் பிள்ளை?” என்று கேட்டார். காட்டினார்கள். பார்த்தால் தெரியவில்லையே என்று குறைப்பட்டார். பஞ்சாயத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலி வந்தது. ஆர்த்தியை அதில் உட்காரவைத்துப் புதுச் சரிவில் மேலே தள்ளினார்கள். பாதி வழியில் அவள் குதித்து ஓடினாள். பிடித்து வந்து மறுபடி உட்காரவைத்து, இடுப்பில் சால்வையைப் போர்த்துவதுபோல நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். படம் நன்றாக வந்தது.

இயக்குநர் மேடம் பேசினார்.

“இந்த ஒரு குழந்தைக்காக நாங்கள் பதினேழு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். குழந்தை ஒன்றுக்குக்கூட வரவில்லை. ஆனாலும் நாங்கள் மனம் தளரவில்லை. இன்றைக்கு மாநிலத்தில் வெளியே இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கிறது என்று பெருமையோடு அறிவிக்கிறேன்.”

அந்த ஒன்றைக் கூட்டியதும் அவர்கள்தான் என்பது உரையில் இல்லை. கைதட்டினார்கள்.

முதல் சான்றிதழ். பாட்டு. இரண்டாம் சான்றிதழ். பிறகு ஒரு சின்ன நீலப் பெட்டி. காது மிஷின் என்று அறிவித்தார்கள். ஆர்த்தி அதை அங்கேயே திறந்தாள். உள்ளே தெர்மோகோல் பள்ளம் மட்டும் இருந்தது. அவள் பெட்டியைக் கவிழ்த்தாள், தட்டினாள், தெர்மோகோலைப் பிய்த்துப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கையை விரித்துக் காட்டினாள். இல்லை.

“பெட்டி ஒரு அடையாளம்தான்” என்று ஜின்சன் சார் வேலுத்தாயின் காதில் சொன்னார். “மிஷினுக்கு டெண்டர் விட்டிருக்கு. ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு இறங்குங்க.”

வேலுத்தாய் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

“எம்புள்ள ஒரு வருசத்துக்கு மேல இங்கதான் உக்காந்து படிச்சா. நீங்க வந்துதான் வெளிய தள்ளுனீக. தள்ளிப்போட்டு இப்ப உள்ள சேத்தோம்னு படம் புடிக்கிறீக. அவ கை பேசிக்கிட்டு இருந்துச்சு. இப்பப் பேச மாட்டேங்குது. உங்க பெட்டி எங்களுக்கு வேணாம். அந்தப் பேச்சத் திருப்பிக் குடுங்க.”

தமிழ் புரியாத மேடம் ஜின்சன் சாரைப் பார்த்தார். ஜின்சன் சார் இன்னொரு மைக்கில் மலையாளத்தில் மொழிபெயர்த்தார்: “அம்மாவுக்கு சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை. பெட்டிகூட வேண்டாமாம், அவ்வளவு மனநிறைவாம்.”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

வேலுத்தாய் அந்தக் கைகளைப் பார்த்தாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்தாள். பதினைந்து மாதத்தில் அவளும் கொஞ்சம் மலையாளம் கற்றிருந்தாள். கவுண்டர்களில் காசில்லாமல் கற்றுக்கொடுத்தது.

“நாளெ வரூ,” என்றாள்.

மேடம் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

“சாரு லீவாணு. சர்வர் டவுணாணு. இவிடெயல்ல, அவிடெ. ஒப்பில்லா. சீலில்லா. ஞான் புதிய ஆளாணு. ஃபைல் மேலெ போயி. நாளெ வரூ. நாளெ வரூ. நாளெ வரூ.”

ஒரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இரண்டாம் வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். சீல் வைக்கிற பிரிவிலிருந்து வந்திருந்தவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். ஜின்சன் சார் மைக்கை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“குட்டிக்கு வயசு கழிஞ்சுபோயி,” என்று கடைசியாகச் சொன்னாள். பிறகு நாற்காலியில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் இயக்கத்தின் செய்திமடலில் படத்தோடு கட்டுரை வந்தது. திட்டத்தின் எதிர்பாராத கூடுதல் பயனாக, தமிழ்த் தாய் ஒருவர் மலையாளத்தில் சரளமாக உரையாற்றியது குறிப்பிடப்பட்டிருந்தது. வட்டாரத்துக்கு விருதும் அறிவித்திருந்தார்கள்.

அதற்கு முன்பே, விழா முடிந்த திங்கட்கிழமை காலையில் வேலுத்தாய் களைக்கொத்தியோடு அங்கன்வாடிக்கு வந்தாள். நாலு ஆணியையும் நெம்பிப் பலகையைக் கீழே தள்ளினாள். சத்தம் கேட்டு வெளியே வந்த கற்பகம் மறுமுனையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார்.

ஆர்த்தி நிலைப்படியில் நின்றுவிட்டாள். உள்ளே போகக் கூடாது என்றுதான் பதினைந்து மாதம் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். முதுகில் கைவைத்துத் தள்ளினாலும் நகரவில்லை. கற்பகம் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் புதுப் பிள்ளைகள். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. மௌனிகா மட்டும் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

பத்து மணிக்குக் கற்பகம் வழக்கம்போலப் படமெடுத்து ஏற்றினார். பத்தேகாலுக்கு ஜின்சன் சாரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சரே, போட்டோவில ஒரு தல கூடுதல்.”

“ஆமா சார். கூடுதல்தான்.”

“அது முடிச்சுப் போன குட்டியல்லே? இன்னிக்கே வெளிய அனுப்பணும். இல்லெங்கில் ஞான் ஆளை அனுப்பும்.”

“அனுப்புங்க சார்,” என்று கற்பகம் போனை வைத்தார்.

வேலுத்தாய் அன்றைக்குக் காட்டு வேலைக்குப் போகவில்லை. வாசலை அடைத்தாற்போல நிலைப்படியில் உட்கார்ந்து, களைக்கொத்தியை மடியில் வைத்துக்கொண்டு, ஜீப் ஏறி வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை. மறுநாளும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.